நாற்பத்திரண்டாம் இடம்

பண்டபெர்க்
19 மார்ச் 2024

அண்ணிக்கு,

ஆமாம், அண்ணிதான். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் உன்னை ப்ரான் என்றுதான் கூப்பிட்டேன். கோபம் வந்தால் மட்டும் அண்ணி. இப்போது எவ்வளவு கோபம் என்று நீயே புரிந்துகொள்.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் சரி விடு என்பேன், அதோடு எல்லாம் முடிந்துவிடும். இங்கே இலவச சட்ட உதவி மையத்தில் திருமதி ஓக்டன் என்று ஒருவர் இருக்கிறார். இனி எதுவானாலும் எழுத்தில் வைத்துக்கொள் என்றார். அதனால்தான் கடிதம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

பிப்ரவரி ஐந்தாம் தேதி காலை ஓட்டிஸை முதல்முறையாகக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு இறைச்சி ஆலைக்கு வந்தேன். பதினொரு மாதப் பேறுகால விடுப்பு முடிந்து முதல் நாள். டீ அறைச் சுவரில் சீனியாரிட்டி பட்டியல் ஒட்டியிருந்தது. நாற்பத்திரண்டாம் வரியில் என் பெயரைத் தேடினேன். அங்கே லாக்லன் பெயர் இருந்தது. இத்தனை வருடமும் எனக்கு ஒரு வரி கீழே இருந்த என் அண்ணன், உன் புருஷன். என் பெயர் நூற்றுப் பதினேழாவது. எனக்குக் கீழே ஒரே ஒருவர், கிறிஸ்துமஸுக்குப் பிறகு சேர்ந்தவர், கத்தி தீட்டவே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

மழை பெய்து புல் பச்சையாகக் கிடக்கிறது, பண்ணைக்காரர்கள் மாடுகளை அனுப்பவில்லை, பட்டியலில் நாற்பத்திரண்டு பேர் வரைக்கும்தான் வேலை என்று மேனேஜர் ஃபர்னெல் சொன்னார். ஆறு மாதத்துக்கு மேல் சொந்தக் காரணமாக விடுப்பில் போனவர்கள் கடைசிக்குப் போக வேண்டும், அது உங்கள் சங்கத்தின் விதி என்றார். மறுநாள் கடிதம் கொடுத்தார்கள்: வேலை முடிந்தது, வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

சங்கப் பிரதிநிதி நீ. நேராக உன்னிடம்தான் வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "யாருக்கும் எதுவும் எழுதிப் போடாதடி. மார்ச் ஒண்ணாம் தேதி கூட்டம் இருக்கு, நான் பாத்துக்கறேன். வெளியில போனேன்னா ஆம்பளைங்க எல்லாம் முறுக்கிக்குவானுங்க."

நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கூட்டத்தில் என் பெயரையே யாரும் எடுக்கவில்லை என்று நம் கூடத்து டர்க்தான் வந்து சொன்னான். அதன் பிறகுதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே என் மாமியார் வீட்டுக்கு, ரீஸின் அம்மாவிடம் வந்தேன். ரீஸ் இறால் படகில் இருக்கிறான், மே மாதம்தான் கரைக்கு வருவான்.

வேலையை விட்டு நீக்கினால் வழக்குப் போட இருபத்தொரு நாள்தானாம், சனி ஞாயிறையும் சேர்த்து. மார்ச் ஒன்றாம் தேதி இருபத்துநான்காவது நாள். திருமதி ஓக்டன் காலண்டரில் விரலால் எண்ணிக் காட்டினார்.

ஒரே ஒரு கேள்வி. இருபத்தொரு நாள் கெடு உனக்குத் தெரியுமா, தெரியாதா?

டெகன்


யாராபின்
2 ஏப்ரல் 2024

டெகனுக்கு,

தெரியாது. போதுமா?

என்னை என்ன வக்கீல் என்று நினைத்தாயா? மாட்டுத் தொடையிலிருந்து எலும்பெடுக்கிறவள் நான். முன்பிருந்த பிரதிநிதி முதுகுவலி என்று விலகியபோது வேறு யாரும் வரவில்லை, அதனால் என் தலையில் கட்டினார்கள். நீதான் முதலில் கைதட்டினாய். சங்க அலமாரியில் ஒரு பெட்டி நிறையக் காகிதம் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் எப்போது சமைப்பது, எப்போது தூங்குவது?

கூட்டத்தில் ஏன் பேசவில்லை என்று கேட்பாய். பேசத்தான் போனேன். எதிரே உன் அண்ணன் லாக்கி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் அவனுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும், வேலை இல்லாமல், கூட்டத்துக்கென்றே வீட்டிலிருந்து வந்தவர்கள். "என் நாத்தனாரை மேலே ஏத்துங்க, என் புருஷனை வீட்டுக்கு அனுப்புங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா? யோசித்துவிட்டு எழுது.

வீட்டு நிலைமையும் பிள்ளைகள் செலவும் உனக்குத் தெரியாததல்ல. மேசிக்குப் பல்லில் கம்பி போட வேண்டும் என்கிறார்கள். கூப்பர் மாதத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கிழிக்கிறான். லாக்கி உன் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போகிறான். நீ ஊரை விட்டுப் போன அன்று அவன் உன் வீட்டு வாசல் வரை வந்து பார்த்தான், உன் கார் போய்விட்டிருந்தது. அதை உன்னிடம் சொல்லக் கூடாதென்றான், சொல்லிவிட்டேன்.

ஓட்டிஸின் நீலப் போர்வை எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. அது இல்லாமல் தூங்க மாட்டானே. தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். துவைக்கவில்லை, துவைத்தால் வாசனை போய்விடும் என்பாய்.

ப்ரான்


பண்டபெர்க்
21 ஏப்ரல் 2024

ப்ரானுக்கு,

போர்வை வந்தது. நன்றி. அவன் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கினான். அந்த மூன்று மணி நேரமும் உன்னை மன்னித்திருந்தேன்.

இப்போது வேறொரு வழி இருக்கிறதாம். வேலைநீக்க வழக்கு போய்விட்டது, ஆனால் பிள்ளை பெற்றதால் பாகுபாடு காட்டினார்கள் என்று தனியாகப் புகார் கொடுக்கலாம். அதற்கு நாள் இருக்கிறது. கொடுத்தாயிற்று. ஆலையின் பதிலும் வந்துவிட்டது. ஒரு பக்கம்தான். "பட்டியல் தொழிலாளர்களுடைய வழக்கம். நிர்வாகத்துக்கு அதில் கை இல்லை. குழந்தைக்கும் இதற்கும் தொடர்பில்லை."

தொடர்பில்லையாம். டர்க் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து எட்டு மாதம் காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்திருந்தானே, அவன் இடம் ஒரு வரி அசைந்ததா? காயம் சொந்தக் காரணம் ஆகாதாம். அவன் குதித்து விளையாடப் போய்க் காலை உடைத்தால் அது காயம், நான் பதினாறு தையல் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளையைப் பெற்றால் அது சொந்தக் காரணம். இப்படி ஒரு விதியை எந்த மகான் யோசித்துக் கொண்டுவந்தானோ, அவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

திருமதி ஓக்டன் சொல்வது இதுதான். நிர்வாகம் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. குழந்தைதான் காரணம் என்று மேனேஜர் வாயால் சொன்னதை யாராவது கேட்டிருந்தால் போதும்.

நீ கேட்டிருக்கிறாய் ப்ரான். கடிதம் வந்த அன்று ஃபர்னெல் அறைக்குள் போய் எனக்காகப் பேசிவிட்டு வந்தாய். வெளியே வரும்போது உன் முகம் சிவந்து கிடந்தது. என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அவன் வாயில போட்டு மெல்லுறதெல்லாம் உனக்கு எதுக்கு" என்றாய். நான் மறக்கவில்லை.

அவர் என்ன சொன்னாரோ அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை. ஜூன் பதினைந்துக்குள் வேண்டும்.

எனக்கு வேறு தொழில் தெரியாது. பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கத்தியைத்தான் பிடித்திருக்கிறேன். நான் கேட்பது என் இடத்தை.

டெகன்


யாராபின்
5 மே 2024

டெகனுக்கு,

கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன், கோபத்தோடேயே அனுப்புகிறேன்.

நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? நீ நாற்பத்திரண்டுக்கு வருவாய். லாக்கி நாற்பத்துமூன்றுக்கு இறங்குவான். இன்றுவரைக்கும் நாற்பத்திரண்டோடுதான் நிற்கிறது. பிறகு என் புருஷன் வீட்டில் உட்கார்ந்திருப்பான், என் கையெழுத்தால். அதை என்னிடம் கேட்கிறாய்.

சரி, அதுகூடப் போகட்டும். அந்த விதியை எந்த மகான் கொண்டுவந்தானோ என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. நடிக்கிறாயா, இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டாயா?

மரிடெஸ் நினைவிருக்கிறாளா? பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், உன் எதிர் மேசையில் நின்று வேலை பார்த்தவள், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாளே. வெள்ளம் வந்த வருடம், 2019. இரட்டைப் பிள்ளை பெற்று ஏழு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். அப்போதும் மாடு இல்லை, பாதிப் பேருக்கு வேலை இல்லை. டீ அறையில் கூட்டம் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனவர்கள் கடைசிக்கு என்று பழைய பிரதிநிதி சொன்னான். கை தூக்கச் சொன்னான். மரிடெஸ் உனக்கு ஒரு வரி மேலே இருந்தாள். அந்த வருடம் வேலைக்குக் கூப்பிடுவது அவளோடு நின்றுகொண்டிருந்தது.

நீ கையைத் தூக்கினாய் டெகன். நான் உன் பக்கத்தில் நின்றேன். உன்னைப் பார்த்துத்தான் நானும் தூக்கினேன். மறுநாள் உன் பெயர் ஒரு வரி ஏறியது, உன்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எந்தத் திருமதி ஓக்டனும் நம் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது என்னை மட்டும் தூக்கில் போடாதே.

ப்ரான்


பண்டபெர்க்
13 மே 2024

ப்ரான்,

மறக்கவில்லை. மறந்த மாதிரி வைத்திருந்தேன் போலிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் அந்த டீ அறை அப்படியே வந்துவிட்டது.

நீ ஒன்றை விட்டுவிட்டாய். அன்றைக்கு அவள் ஒரு பெரிய ட்ரே நிறைய நூடுல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தாள், இறாலும் எலுமிச்சையும் போட்டு. திரும்பி வந்த சந்தோஷத்துக்காம். எல்லோரும் சாப்பிட்டோம். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கை தூக்கினோம். அவள் வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில் நின்றிருந்தாள். சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து ஈரமாகியிருந்தது. அதைப் பார்க்கக் கூடாதென்று நான் மேலே, கூரையைப் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினேன்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி எனக்கும் சட்டை நனைந்துதான் இருந்தது. அப்போதும் அவள் ஞாபகம் வரவில்லை. என்ன ஜென்மம் நான்.

நேற்று திருமதி ஓக்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகாரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ அன்னைக்கு கை தூக்கினது தப்புதாம்மா. அதுக்காக அவங்க இன்னைக்கு உனக்குச் செஞ்சது சரியாயிடாது." சரியாகத்தான் சொல்கிறார். புகாரை எடுக்கவில்லை.

உன்னிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். எழுதித் தரவும் வேண்டாம். லாக்லனிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். அவன் என்ன செய்வான், பெயரை யாரோ ஒட்டினார்கள், அவன் வேலைக்குப் போனான். நானும் அப்படித்தானே போனேன்.

ரீஸ் கரைக்கு வந்துவிட்டான். பிள்ளை அவனைப் பார்த்து அழுதது. பழக மூன்று நாளாயிற்று.

டெகன்


யாராபின்
9 ஜூன் 2024

என் டெகனுக்கு,

இதனோடு இருக்கிற வெள்ளைக் காகிதம் திருமதி ஓக்டனுக்கு. அதில் கையெழுத்து என்னுடையது, சாட்சிக் கையெழுத்து மருந்துக்கடைக்காரருடையது, அவர் போட்டாலே செல்லுமாம். அதில் இருப்பதை உனக்கும் சொல்கிறேன், முதலில் நீதான் கேட்க வேண்டும்.

அன்றைக்கு ஃபர்னெல் சொன்னது இது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாடு திரும்ப வர்றதுக்குள்ள அவ அடுத்ததை வயித்துல வாங்கிட்டு வந்து நிப்பா. காப்பகத்துலேர்ந்து போன் வந்தா கத்தியப் போட்டுட்டு ஓடுவா. அவள நான் வேண்டாம்னு சொன்னா வம்பு. உங்க பட்டியல் பாத்துக்கட்டும். அப்போ அது நீங்க செஞ்சதாயிடும், நான் செஞ்சதாகாது."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது கோபத்தோடு கூட ஒரு நிம்மதியும் வந்தது. லாக்கிக்கு வேலை இருக்கிறது என்கிற நிம்மதி. அதைத்தான் நான்கு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டாய். தெரியாது என்று எழுதினேன். பொய் டெகன். பத்தொன்பதாம் நாள் தெரியும். சங்க அலமாரியில் பேனா தேடப் போனேன், கதவின் உள்பக்கம் ஒரு பழைய தாள் ஒட்டியிருந்தது. இருபத்தொரு நாள் என்று பெரிய எழுத்தில். விரல்விட்டு எண்ணினேன். இன்னும் இரண்டு நாள் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். கூட்டம் இருக்கிறதே, கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச மாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மரிடெஸுக்குச் செய்தது நாம் எல்லோரும் சேர்ந்து. உனக்குச் செய்தது நான் மட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி உன் முகத்தில் எறிந்தேன், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். மன்னிக்கும்படி கேட்கவில்லை. தெரிந்துகொள் என்று கேட்கிறேன்.

லாக்கியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை அவன் முன்னால் வைத்தேன். படித்தான். எழுந்து போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தான், ஏற்கனவே கழுவியிருந்த வண்டி. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்து, "அனுப்பு. நாலு மாசமா என் தங்கச்சி சோத்தத் தின்னுக்கிட்டு இருக்கேன். அனுப்பித் தொலை" என்றான். சுரங்கத்தில் வேலைக்காகப் பழைய சிநேகிதனிடம் பேசியிருக்கிறான். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. கூப்பருக்கு இன்னும் சொல்லவில்லை.

ப்ரான்


பண்டபெர்க்
30 ஆகஸ்ட் 2024

ப்ரான்,

உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாதது கோபத்தால்தான். பத்தொன்பதாம் நாள் என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் படிக்கவே முடியவில்லை. படித்து, மடித்து, ஓட்டிஸின் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சட்டை எடுக்கும்போது அது கையில் தட்டுப்பட்டது.

இன்று எழுதியாக வேண்டும். நாளைக்குப் பிறகு எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை சமரசப் பேச்சு நடந்தது, போனில்தான். உன் காகிதத்தைப் பார்த்ததும் ஆலையின் வக்கீல் குரலே மாறிவிட்டது. பத்து நிமிடம் இடைவேளை கேட்டார்கள். திரும்பி வந்து, நாற்பத்திரண்டாம் இடத்தைத் தருகிறோம், செப்டம்பர் ஒன்பதாம் தேதி வேலைக்கு வரலாம் என்றார்கள். பதிலுக்கு ஒன்று. இந்தப் புகாரைப் பற்றியோ, ஃபர்னெல் பேசியதைப் பற்றியோ, இந்த உடன்பாட்டைப் பற்றியோ நான் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டிலும் கூடாது, கூட்டத்திலும் கூடாது.

விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அது சங்கத்தின் விதி, எங்கள் கையில் இல்லை என்றார்கள். மரிடெஸ் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரும் புகார் தரவில்லையே என்றார்கள். கையெழுத்து வேண்டாம், வழக்கை மேலே கொண்டுபோகலாமா என்று திருமதி ஓக்டனிடம் கேட்டேன். போகலாம், இரண்டு வருடம் ஆகலாம், உன் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்றார். ரீஸ் மறுபடி கடலுக்குப் போய்விட்டான். அவன் அம்மா நல்லவர்தான், ஆனால் அவருக்கும் இடுப்பு முடியவில்லை. நாளை கையெழுத்துப் போடுகிறேன்.

போன வாரம் மரிடெஸைப் பார்த்துவிட்டு வந்தேன். ராக்ஹாம்ப்டனில் ஒரு சலவைக்கூடத்தில் இருக்கிறாள், ஆஸ்பத்திரிப் போர்வைகள் துவைக்கிற இடம். வாசலில் நின்று, நான்தான் கை தூக்கினேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ட்ரேயைக் கழுவி என் வண்டி வரைக்கும் தூக்கிட்டு வந்து குடுத்தியே. அன்னைக்கு என்கிட்ட வந்து நின்னது நீ ஒருத்திதான்."

நான் அதைக் கழுவினேனா? எனக்கு நினைவே இல்லை. கழுவியிருப்பேன், வேறெப்படி அவள் முகத்தைப் பார்ப்பது. அவளுக்கு என் கை நினைவில்லை, ட்ரேதான் நினைவிருக்கிறது. மனப்பாடம் செய்ததை நான் சொல்லவில்லை ப்ரான். டீ குடித்துவிட்டு, இரட்டையரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் இன்று உனக்கு எழுத முடிகிறது. நீயாவது சொன்னாய்.

உன்னைக் குடல் கழுவும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்று டர்க் சொன்னான். சுழற்சி முறை என்று பெயராம். அதற்கும் நான் வாயைத் திறக்க முடியாது. ஒன்பதாம் தேதி வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்.

உன் டெகன்


யாராபின்
14 நவம்பர் 2024
(உன் லாக்கரின் கதவிடுக்கில்)

டெகன்,

பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நீ. நான் போடவில்லை. ஆகவே எழுதுகிறேன். நீ படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கலாம்.

நீ திரும்பி வந்து இரண்டு மாதமாகிறது. வேலை நேரத்தில் நான் ஒரு கூடத்தில், நீ ஒரு கூடத்தில். டீ அறையில் பக்கத்தில் உட்கார்ந்து மேசியின் பல்லைப் பற்றிப் பேசுகிறோம். லாக்கியின் நாற்காலியில் வேறு யாரோ உட்காருகிறார்கள். போன வாரம் அவன் வந்திருந்தபோது, கூப்பர் அவனிடம், "நீ எப்பப்பா போவே?" என்று கேட்டான். விரட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். லாக்கி கழிப்பறைக்குள் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தான்.

இன்றைய கூட்டத்தில் நான் என்ன செய்யப் போகிறேன் என்று உனக்கு முன்பே தெரியும். பேசவில்லை என்றாலும் தெரியும், காலையில் எனக்கு ஒரு சாக்லேட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாய். இருபது நிமிடத்தில் காப்பகத்திலிருந்து உனக்குப் போன் வந்துவிட்டது. நீ கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஓடியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஃபர்னெலும் பார்த்தான்.

நீ போன பிறகு கூட்டம் ஆரம்பித்தது. எழுந்து நின்றேன். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்கள் இடம் அப்படியே இருக்க வேண்டும், பழைய விதியை எடுக்க வேண்டும் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. மரிடெஸ் பெயரைச் சொன்னேன். அவள் செய்த நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுக் கை தூக்கினோம் என்று சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. டர்க் மட்டும் எழுந்து, "என் காலுக்கு ஒரு நியாயம், அவளுக வயித்துக்கு ஒரு நியாயமா? வெக்கமா இருக்குடா" என்றான். அவனைப் பற்றி இத்தனை வருடம் நாம் பேசியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கை தூக்கச் சொன்னேன். எடுக்க வேண்டும் என்று இருபத்தாறு. வேண்டாம் என்று இருபத்தேழு. இரண்டு முறை எண்ணினேன். உன் கையும் சேர்ந்து சமமாக வந்திருந்தால் பிரதிநிதி என்ற முறையில் முடிவு என் கையில் இருந்திருக்கும்.

உன்மேல் பழி சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வார்கள், அதற்கு முன்னால் என் வாயால் தெரியட்டும் என்றுதான்.

இருபத்தேழாவது கை யாருடையது தெரியுமா? ஷனேயுடையது. பேக்கிங்கில் இருக்கிறாளே, சின்னப் பெண். ஒரு மாதமாகக் காலையில் கழிப்பறையில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. யாருக்கும் சொல்லவில்லை அவள். கை தூக்காவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பாள். ஆம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் பிரதிநிதி தேர்தல். என்னை நீக்கிவிடுவார்கள். அதற்குள் ஷனேயைத் தனியாகக் கூப்பிட்டு, இருபத்தொரு நாள் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவள் கையில் கொடுக்கப் போகிறேன். என்னால் இப்போது முடிவது அவ்வளவுதான்.

ஓட்டிஸுக்குக் காய்ச்சல் விட்டதா? அதைப் பேச உனக்கு ஒரு தடையும் இல்லை. நாளைக்கு டீ அறையில் சொல்.

ப்ரான்